நான் சுற்றிப் பார்க்காத வீடு

போன மாதம் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்க்கக் காப்புறுதிக் கம்பனி ஒரு பிள்ளையை அனுப்பியிருந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே ஆக்லாந்தில் பாட்டனி டவுன்ஸ் பக்கம் இருக்கிறாளாம். காரைவிட்டு இறங்கியதும் சாப்பாட்டுத் தட்டளவு ட்ரோன் ஒன்றை வாசலில் வைத்துப் பறக்கவிட்டாள். அது இரைந்துகொண்டு கூரைக்கு மேல் நாலு தரம் போய் வந்தது. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. நான் கதிரையைவிட்டு எழும்பப் போக, "நீங்க உக்காருங்க அங்கிள், எல்லாம் வந்துருச்சு" என்றாள்.

நானும் ஓய்வுபெறும் வரை இதே வேலைதான் பார்த்தேன் என்று சொன்னதும் அவளுக்கு ஆச்சரியம். "அப்போ ட்ரோன் எல்லாம் இல்லையே, எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டாள்.

"வீட்டைச் சுத்தி நடப்பம்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"ஓம் பிள்ளை, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த 'அவ்வளவு' என்கிற வேலையை ஒரு நாள் நான் செய்யாமல் விட்டேன். அன்றைக்கு என்ன நடந்தது என்பது என் மனைவி ஜெயாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். மீதியையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்தவன். கட்டடங்களின் படம் கீறுவது தொழில். பிறகு அந்தக் கட்டடங்களிலேயே ஷெல் விழத் தொடங்கியது. ஒருநாள் காலை, அடுப்பில் வைத்த கேத்தில் கொதிக்குமுன் வீட்டைவிட்டு ஓடினோம். அன்றைக்குச் சுவரில் மாட்டியிருந்த அப்புவின் படத்தைக் கழற்ற நேரமிருக்கவில்லை. என்னைப் பெற்ற அப்பு செத்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். அந்தப் படம் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

தொண்ணூறில் நியூசிலாந்துக்கு, ஆக்லாந்து நகரத்துக்கு வந்தேன். ஒடாஹுஹுவில் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கொஞ்சக் காலம், பின்னேர வகுப்பு கொஞ்சக் காலம். அதற்குப் பிறகு பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கையால் வேகமாகப் படம் கீறுவேன் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். அங்கே எனக்கு மேலே இருந்தவர் கிரஹாம் என்ற பொறியியலாளர்.

கிரஹாமை நான் ஒரு வருடம் 'சேர்' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பியே பார்க்கமாட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காது கேட்கும். எனக்கோ மேலதிகாரியைப் பேர் சொல்ல நாக்கு வராது. அதனால் அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமித்தான் காலத்தை ஓட்டினேன்.

அவர் ஒரு வீட்டைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். காரை நிறுத்தியதும் பேச்சை நிறுத்திவிடுவார். கதவைத் தட்டமாட்டார். இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வீட்டை ஒரு சுற்று முழுதாக வருவார். அந்தச் சுற்றில் ஒன்றையும் தொடக்கூடாது. இரண்டாம் சுற்றில் கை வெளியே வரும், சுவரையும் தூணையும் தொடுவார். மூன்றாம் சுற்றில் பையிலிருந்து ஒரு பழைய கதவுத் திறப்பை, தேய்ந்த சாவி ஒன்றுதான், எடுத்துச் செங்கல் இடுக்கில் உள்ள சாந்தைச் சுரண்டுவார். நல்ல சாந்தென்றால் திறப்புத்தான் தேயும். கெட்ட சாந்தென்றால் மணலாகக் கொட்டும். அதற்குப் பிறகுதான் வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவார். அதற்குள் வீட்டுக்காரர் யன்னல் சீலையை விலக்கி, பொலிசைக் கூப்பிடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

'ஓகே' என்ற சொல் அவர் வாயில் வராது. 'பாதுகாப்பானது' என்றும் எழுதமாட்டார். 'நான் பார்த்த இடங்களில் பழுது தெரியவில்லை' என்று எழுதுவார். வீட்டுக்காரர் கோபப்படுவார்கள். "பார்க்காத இடத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். இந்த மனுசன் சும்மா பாவனை காட்டுகிறார் என்று நான் உள்ளுக்குள் நினைத்ததுண்டு. முன்பக்கம் பார்த்தாலே ஒரு வீட்டின் சாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்ற மிதப்பு எனக்கு.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. மார்ச் மாதம் கிரஹாம் அங்கே புறப்பட்டார். துறைமுகத்துக்கு மேலே மலைச்சரிவில், நூறு வருடத்துக்கு முன் வெளிநாட்டு வியாபாரிகள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட மேற்கத்திய வீடுகள் உள்ள கிட்டானோ என்ற பகுதி இருந்தது. அந்த வீடுகளின் புகைபோக்கிகளுக்கு என்ன நடந்ததென்று பார்த்து வருவதுதான் வேலை. ஆக்லாந்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அதே மாதிரிப் புகைபோக்கிகள் நின்றன. படம் கீற ஆள் தேவை என்று என்னையும் கூட்டிப் போனார்.

ஒசாகாவில் இறங்கினோம். ரயில் பாதை பாதியில் அறுந்திருந்தது. மீதித் தூரத்துக்கு பஸ், அதற்குப் பிறகு நடை. நான் ஷெல் விழுந்த ஊரைப் பார்த்தவன், எனக்கு இடிபாடு புதிதல்ல என்று நினைத்துக்கொண்டு போனேன். கோபே நகர நடுவில் அந்த நினைப்பு நின்றுவிட்டது. ஒரு கந்தோர்க் கட்டடத்தில் நடு மாடி ஒன்றைக் காணவில்லை. மேலே உள்ள மாடிகள் அப்படியே நேராக நின்றன, கீழே உள்ளவையும் நின்றன, இடையில் ஒன்று மட்டும் தட்டையாகிப் போயிருந்தது. தெருவில் சனம் முகமூடி போட்டுக்கொண்டு வரிசையாக, சத்தமில்லாமல் நடந்து போனது. அழுகை இல்லை, கூச்சல் இல்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கிட்டானோ. எங்களோடு வந்தவர் மொரிதா என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். ஒடுங்கிய தெரு, பக்கத்தில் கல்லில் கட்டிய வாய்க்கால், திரும்பிப் பார்த்தால் கீழே துறைமுகமும் சரிந்து கிடக்கும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டிப் பலகைகள் அப்படியே நின்றன. பரிசுப் பொருள் விற்கும் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு வளைவு திரும்பியதும் நான் நின்றுவிட்டேன். பலகைச் சுவர், வெளியே தள்ளிய யன்னல், இளம்பச்சைப் பெயின்ற், முன்னால் விறாந்தை. ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அக்கா மாதிரி ஒரு வீடு. நான் ஜப்பானைப் பார்க்க வந்தேன், என் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கூரைகளில் மழை உள்ளே விழாமல் நீலப் படங்கு விரித்துக் கட்டியிருந்தது. புகைபோக்கி ஒன்றுகூட முழுசாக இல்லை.

முதல் நாள் காலையிலேயே கிரஹாம் இரண்டு கட்டளை போட்டார். சுற்றிப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள்ளும் போகக்கூடாது. என்ன நடந்தாலும் சப்பாத்தைக் கழற்றக்கூடாது. இரண்டு நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள், ஒரு வீட்டின் முன்பக்கத்தைத் தெருவில் நின்று கீறும்படி சொல்லிவிட்டு, கிரஹாமும் மொரிதாவும் பக்கத்து ஒழுங்கைக்குள், ஒரு சிறு சந்துக்குள், மதில் அளக்கப் போனார்கள். இரண்டு மாடி வீடு. புகைபோக்கியின் தலை முறிந்து செங்கற்களெல்லாம் முன் தோட்டத்தில் கொட்டிக் கிடந்தன. கூரையில் படங்கு கட்டியிருந்தது. கதவில் சோதனைக்காரர் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார்கள். சிவப்பென்றால் போகவே கூடாது, பச்சையென்றால் போகலாம், மஞ்சளென்றால் கவனம். நான் பாதி கீறியிருப்பேன், ஒரு பெண் வந்து தலை குனிந்து வணங்கினார். ஐம்பது வயதிருக்கும். ஒகாவா என்று பேர் சொன்னார். அது அவர் வீடு, கீழே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். நடுக்கத்துக்குப் பிறகு ஏழு கிழமையாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறார். அன்றைக்குத்தான் முதல் தடவை மேட்டில் ஏறி வந்திருக்கிறார்.

அவருடைய ஆங்கிலம் என்னுடைய முதல் வருட ஆங்கிலத்தைவிடக் குறைவு. கையால் மேல்மாடியைக் காட்டினார். "ஹஸ்பண்ட்" என்றார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் ஒரு சாண் இடைவெளியில் நிமிர்த்திப் பிடித்து, கும்பிட்டுக் காட்டினார். செத்துப்போன புருசனின் பேர் எழுதிக் கும்பிடும் பலகையும் படமும் மேலே அறையில் இருக்கின்றன. அதை எடுக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

எனக்கு அப்புவின் படம்தான் கண்ணுக்குள் வந்தது. கொதிக்காத கேத்தில், சுவரில் அந்த ஆணி, எல்லாம் வந்தன.

அவர் கூரையைப் பார்த்தார், கழுத்தில் தொங்கிய என் அடையாள அட்டையைப் பார்த்தார். "ஓகே?" என்று கேட்டார்.

நானும் கூரையைப் பார்த்தேன். புகைபோக்கி ஏற்கெனவே தோட்டத்தில் கிடந்தது. விழவேண்டியது விழுந்துவிட்டது, இனி விழ என்ன இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. "ஓகே" என்றேன்.

வாசலில் அவர் தன் சப்பாத்தைக் கழற்றி, நுனி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார். வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிற சாதியா நாங்கள்? அதிலும் செத்த மனுசனின் படம் இருக்கிற அறைக்கு. கிரஹாமின் இரண்டாவது கட்டளையும் அந்த வாசலில் பறந்துபோனது. குந்தியிருந்து அவிழ்க்கத் தொடங்கினேன். இரும்பு நுனி வைத்த வேலைச் சப்பாத்து, கணுக்காலுக்கு மேலே வரை நாடா. ஒன்றைக் கழற்றி வைத்தேன். ஒகாவா அதையும் குனிந்து, நான் திரும்பி வரும்போது சுகமாக இருக்கட்டும் என்று, வெளியே பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார். படிக்கட்டில் அவருடைய காலடி கேட்டது. இரண்டாவது சப்பாத்தின் முடிச்சு இறுகிவிட்டது. நான் நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போது தரை அசைந்தது. பெரிய அசைவில்லை. கோபே சனம் அந்த ஏழு கிழமையில் எத்தனையோ தரம் கண்டு பழகிய பின்னதிர்வு. லொறி ஒன்று தெருவால் போனதுபோல இருந்தது. அடுத்த நிமிடம் எனக்கு முன்னால், இருபதடி தூரத்தில், படிக்கட்டை மூடிக்கொண்டு செங்கல் கொட்டியது. சத்தம் காதுக்குள் போனதா என்றே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு புழுதி வந்து என்னை வாசலுக்கு வெளியே தள்ளியது. புழுதி அடங்கினால் படிக்கட்டு இல்லை.

நான் கத்தினேன். என்ன மொழியில் கத்தினேனோ. அந்தப் பெண்ணை நான் 'ஓகே' என்று சொல்லிக் கொன்றுவிட்டேன், அதுதான் தலைக்குள் ஓடியது. ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வெறும் காலுறையுமாக உடைந்த கண்ணாடிக்கு மேல் ஓடித் தெருவுக்கு வந்தேன். மேல்மாடி யன்னலில் ஒகாவாவின் முகம் தெரிந்தது. தலைமுடி முழுக்க வெள்ளைத் தூள். படியைத் தாண்டி அறைக்குள் போய்விட்டிருந்தார். உயிரோடு நின்றார், இறங்க வழியில்லாமல் நின்றார்.

கிரஹாமும் மொரிதாவும் ஓடி வந்தார்கள். நான் விறாந்தைத் தூணைப் பிடித்து ஏறப் போனேன். அந்த யன்னலுக்கு அதுதான் கிட்ட. கிரஹாம் என் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துப் பின்னால் விட்டார். பிறகு அவர் ஏறவுமில்லை, உள்ளே ஓடவுமில்லை. வீட்டைச் சுற்றப் போனார். ஒரு மனுசி மேலே நிற்கிறாள், அடுத்த அசைவு எப்போது வருமோ தெரியாது, இவர் வழக்கம்போல ஒரு சுற்று முழுதாகச் சுற்றப் போகிறார். ஓடிச் சுற்றினார் என்பது உண்மை. கை பைக்குள் இருக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் நான் அவரைத் தமிழில் வாயில் வந்தபடி திட்டினேன்.

திரும்பி வந்து இரண்டே வசனம் சொன்னார். "விறாந்தைத் தூண்கள் அடிக்கல்லை விட்டு விலகி நிக்குது. ஏணியைக் கிழக்குப் பக்க யன்னலுக்குக் கொண்டு வாங்கோ."

மொரிதா பக்கத்து வீட்டுக் கூரையில் படங்கு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் ஏணி வாங்கி வந்தார். ஒகாவா மெதுவாக இறங்கினார். முதுகில் ஒரு துணி மூட்டை குறுக்கே கட்டியிருந்தது. ஒரு சாண் அளவு மூட்டை. கால் நிலத்தில் பட்டதும் நேரே என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பேன். இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிறகு இரத்தம் ஊறிய என் காலுறையைப் பார்த்து ஏதோ சொல்லி இன்னொரு தரம் குனிந்தார்.

"என்ன சொல்லுறா?" என்று மொரிதாவைக் கேட்டேன்.

"உங்களுக்கு வீட்டுச் செருப்பு எடுத்துத் தராமல் மேலே போய்விட்டாவாம். அதுக்கு மன்னிப்புக் கேட்கிறா."

வெட்கத்தில் எனக்கு நிலம் பார்க்கத்தான் முடிந்தது. கிரஹாம் என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் இல்லை. அதைவிட அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"அன்ரன், எந்தப் பக்கமாகச் சுத்தினீர்?" என்று கேட்டார்.

நான் குனிந்து காலுறையைக் கழற்றத் தொடங்கினேன்.

"காலைக் கட்டிப்போட்டு, போய்ப் பின்பக்கத்தைக் கீறும்" என்றார். அவ்வளவுதான். பிறகு அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

காலில் துணி சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். முன் படலை வாசலிலிருந்து பின் ஒழுங்கைக்கு முப்பத்திரண்டு காலடி. புகைபோக்கியின் தலைதான் கூரையால் உருண்டு முன்னால் விழுந்திருந்தது. அதன் உடம்பு முழுக்கப் பின்சுவரோடு, படிக்கட்டுக்கு நேராக நின்றிருக்கிறது. மேல் பாதி உள்ளே சரிந்து விழுந்துவிட்டது. கீழ்ப் பாதியில் என் கை நுழையக்கூடிய வெடிப்பு, பழைய வெடிப்பு, மழைத் தண்ணீர் ஓடிய கறையோடு இருந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்த ஒழுங்கையை மறித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் வரிசையாகச் சிவப்புத் துணித்துண்டுகள் தொங்கின. அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகள் அதற்குக் கீழே விளையாடாமல் இருக்கக் கட்டியது என்று மொரிதா விசாரித்துச் சொன்னார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்தவனுக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைக் கீறினேன். கயிற்றையும் விடாமல் கீறினேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஆக்லாந்தில் வந்து இறங்கினோம். வாடகை ராக்சி என்னைத் த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனது. ஜெயா கதவைத் திறந்துகொண்டு நின்றாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றப் புறப்பட்டேன்.

"இஞ்சாருங்கோ, பெட்டியை விட்டிட்டு எங்க போறியள்?" என்று ஜெயா கேட்டாள். நான் மூலையைத் திரும்பிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டை வாங்கும்போது, சோதிக்க ஆள் பிடிப்போம் என்று ஜெயா சொன்னாள். நான் இருக்க வேறு ஆள் எதற்கு என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பின்பக்கம் ஒரு ஃபீஜோவாப் பழ மரம் சுவரோடு ஒட்டிச் சடைத்து வளர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒருநாளும் போனதில்லை. ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்குக் கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். புகைபோக்கி அங்கே நின்றது. பையிலிருந்த எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்துச் செங்கல் இடுக்கில் வைத்தேன். சுரண்டக்கூட இல்லை, சும்மா அழுத்தினேன். திறப்பு அதன் பிடி வரைக்கும் உள்ளே போனது. மணல் என் சப்பாத்தின்மேல் கொட்டியது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மகள் ஷாமினி ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஆறு வயது. வெயில் பட்டுச் சுவர் சூடாக இருக்கும் என்று அவளுடைய கட்டிலின் தலைமாட்டை அந்த இடத்தில் போட்டவனும் நான்தான். சுவரில் தட்டிக் கூப்பிட்டேன்.

"அப்பா, வை ஆர் யூ அவுட்சைட்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கட்டிலை விட்டு இறங்கு ராசாத்தி. அம்மாட்டப் போ. இப்பவே போ."

திங்கட்கிழமை வரை காத்திருக்க மனம் கேட்கவில்லை. கிரஹாமுக்கு அன்றைக்கே ரெலிபோன் எடுத்தேன். மறுநாள் நாங்கள் ஞாயிற்றுப் பூசை முடிந்து கோவிலால் வரும்போது ஏணியோடு வாசலில் நின்றார். வணக்கம்கூடச் சொல்லாமல் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு சுற்றப் புறப்பட்டார். "என்ன இவர், சைவக் கோயில் வீதி சுத்துற மாதிரி?" என்று ஜெயா என் காதுக்குள் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. மூன்று சுற்றும் முடியும்வரை அவருக்குப் பின்னால் நடந்தேன்.

பிறகு அவர் ஏணியில் ஏறிச் செங்கல்லை ஒவ்வொன்றாகக் கையாலேயே எடுத்துத் தந்தார், நான் கீழே நின்று வாங்கி அடுக்கினேன். நாலாவதோ ஐந்தாவதோ கல்லில் நிறுத்தி, "இந்த வீட்டை வாங்கேக்க ஆர் சோதிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான், கிரஹாம்" என்றேன். அன்றைக்குத்தான் அவரை முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த கல்லை நீட்டினார். பின்னேரம் வரைக்கும் அப்படியே நடந்தது. கூரை உயரத்திலிருந்து கட்டிலின் தலைமாட்டு உயரம் வரை முழுப் புகைபோக்கியையும் இறக்கி முடித்தோம். சுத்தியல் கொண்டுவந்திருந்தார். அதைக் கருவிப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை.